ஒரு மிடறு ரீஸ்லிங்

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் தயாராகும் ‘கபினெட்’ வகை ரீஸ்லிங் ஒயினை ஆய்வகத்துக்கு அனுப்பினால் வரும் அறிக்கை ஏறக்குறைய இப்படி இருக்கும்: மதுசாரம் 8 சதவீதம், சர்க்கரை லிட்டருக்கு 45 கிராம், அமிலம் லிட்டருக்கு 8 கிராம், பி.எச். 3-ஐ ஒட்டி. கோலா பானத்தில் இருக்கும் சர்க்கரையில் கிட்டத்தட்டப் பாதி இதில் இருக்கிறது. அறிக்கையை மட்டும் படித்தவர், பாகு மாதிரி திகட்டும் என்று முடிவுகட்டிவிடுவார். குடித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். நாக்கில் பட்டதும் இனிப்பு தெரியும். அது நிலைகொள்வதற்குள் புளிப்பு வந்து வழித்துக்கொண்டு போய்விடும். விழுங்கிய பிறகு வாயில் மிஞ்சுவது இனிப்பல்ல, ஊறுகிற எச்சில்.

அப்படியானால் இனிப்பு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. 45 கிராமும் கிளாசுக்குள் அப்படியேதான் இருக்கிறது. அமிலம் சர்க்கரையைத் தின்றுவிடவில்லை. சர்க்கரையும் அமிலத்தை முறிக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றில் எத்தனை கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாலும் அதன் பி.எச். அசைந்து கொடுக்காது; பல்லின் எனாமலைப் பொறுத்தவரை அது அதே பழைய புளிப்புச் சாறுதான். சண்டை நடப்பது நமக்குள்ளே. நாக்கிலுள்ள குறிப்பிட்ட சில செல்களுக்குள் ஹைட்ரஜன் அயனிகள் நுழைவதையே நாம் புளிப்பு என்று உணர்கிறோம். அவை நுழையும் வாசலாக இருக்கும் ஓட்டோபெட்ரின்-1 என்ற புரதத்தைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எமிலி லைமனின் ஆய்வுக்குழு 2018-இல் அடையாளம் கண்டது. புளிப்பை உணர்வது அதன் வழியாகத்தான் என்பது மறு ஆண்டுதான் உறுதியானது. இனிப்புக்கு வேறு செல்கள், வேறு ஏற்பிகள். இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் மேலே போகும்போது ஒன்றை ஒன்று அமுக்கிவிடுகின்றன. இதில் பெரும்பங்கு மூளையின் வேலை.

வெள்ளை ஒயினைச் சுவைப்பது, அதற்கு ஏற்ற உணவைத் தேர்வது என்று நடக்கும் பேச்சில் பாதி சடங்கு, கால்வாசி வியாபாரம். மிச்சமிருப்பதில் உண்மையான அறிவியல் உண்டு. அது புட்டியைப் பற்றியது என்பதைவிட, குடிப்பவரின் வாயைப் பற்றியது என்பதே என் கட்சி. ஒரு கவளத்துக்கு முன்பும் பின்பும் புட்டிக்குள் இருப்பது அதே ஒயின்தான், மாறியிருப்பது நாக்கு. இதை விளக்க மோசல் ரீஸ்லிங் வசதியானது. பழைய பெரிய பீப்பாய்களிலோ எஃகுத் தொட்டிகளிலோ நொதிக்க வைப்பதால் மரத்தின் வாசனை இதில் ஏறுவதில்லை. அமிலம், சர்க்கரை, மதுசாரம், திராட்சையின் மணம் ஆகிய நான்கும் தனித்தனியாகத் தெரியும்.

மோசல், ரைன் நதியின் கிளை. டிரியர் நகரைக் கடந்து, பாம்புபோல் வளைந்து வளைந்து, கோப்ளென்ஸ் நகரில் ரைனோடு கலக்கிறது. வட அட்சம் 50 டிகிரியை ஒட்டிய இந்த நிலத்தில் திராட்சை பழுப்பதே பெரும்பாடு. அதனால்தான் கொடிகளைச் செங்குத்தான சரிவுகளில் ஏற்றியிருக்கிறார்கள். பிரெம் என்ற ஊரின் கால்மோண்ட் சரிவு சில இடங்களில் 60 டிகிரிக்கும் மேல் சாய்ந்தது. அங்கே டிராக்டர் ஏறாது. ஆட்களும் பழக்கூடைகளும் ஏறி இறங்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. தெற்குப் பார்த்த சரிவில் வெயில் நேராக விழும். தரையெங்கும் கிடக்கும் ஸ்லேட் கற்கள் அந்தச் சூட்டைப் பகலில் வாங்கி இரவில் கொடிக்குத் திருப்பித் தரும். நான்காம் நூற்றாண்டில் இந்த ஆற்றைப் பாட வந்த ரோமானியக் கவிஞர் அவுசோனியசின் கண்ணிலும் இந்தக் கொடிச் சரிவுகள் பட்டிருக்கின்றன. ரீஸ்லிங் அதற்கு வெகு பின்னால் வந்தது. அந்தப் பெயரில் கொடி வாங்கியதற்கான மிகப் பழைய எழுத்துச் சான்று 1435-ஆம் ஆண்டின் ஒரு கணக்குச் சீட்டு, அதுவும் ரைன் பக்கத்தைச் சேர்ந்தது.

குளிர்தான் இந்த ஒயினின் புளிப்புக்குக் காரணம். திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள்: மாலிக், டார்டாரிக். பழம் பழுக்கப் பழுக்க மாலிக் அமிலத்தை அதுவே சுவாசத்தில் எரித்துவிடும். வெப்பம் கூடினால் எரிவதும் வேகமாகும். வெப்ப நாடுகளில் விளையும் திராட்சை இனிப்பேறும் அதே வேகத்தில் புளிப்பை இழப்பது இதனால்தான். மோசலின் குளிர்ந்த இலையுதிர்கால இரவுகளில் அந்த எரிப்பு மந்தமாகிவிடுவதால் மாலிக் அமிலம் நிறையவே மிஞ்சுகிறது.

டார்டாரிக் அமிலம் அப்படி எளிதில் எரியாது. பழங்களில் இது ஓர் அபூர்வ அமிலம். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக், மாங்காயில் பெரும்பாலும் சிட்ரிக்கும் மாலிக்கும். டார்டாரிக் அமிலத்தைக் குவித்து வைத்திருக்கும் பழங்களைத் தேடினால் முன்னால் வந்து நிற்பவை இரண்டு: ஒன்று திராட்சை, மற்றொன்று நம் வீட்டுப் புளி. ரசத்தில் நாக்கைச் சுண்டுவதும் ரீஸ்லிங்கில் நாக்கைச் சுண்டுவதும் ஒரே மூலக்கூறு. ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1769-இல் இதைத் தனியே பிரித்தெடுத்தார். 1848-இல் இருபத்தைந்து வயது லூயி பாஸ்டர் இதன் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இடக்கை வலக்கை போல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தவற்றை இடுக்கியால் இரண்டு குவியலாகப் பிரித்தார். மூலக்கூறுகளுக்கு இடம் வலம் உண்டு என்ற பெரிய கண்டுபிடிப்பு ஒயின் பீப்பாயின் அடிவண்டலில் தொடங்கியது. நெடுநாள் குளிரில் கிடந்த வெள்ளை ஒயின் புட்டியின் அடியில் கற்கண்டுத் தூள்போல் மின்னுவதும் இதே அமிலத்தின் பொட்டாசியம் உப்புதான். கண்ணாடித் துண்டு என்று பயந்து புட்டியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு, தேவையில்லை.

சரி, சர்க்கரை? பறிக்கும்போது பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுசாரமாக்குகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் 1 சதவீதம் மதுசாரம் வரும். ஈஸ்டை முழுக்கத் தின்ன விட்டிருந்தால் நம் கபினெட் பத்தரை சதவீதத்தைத் தாண்டி, துளி இனிப்பும் இல்லாமல் வந்திருக்கும். தயாரிப்பாளர் நடுவழியில் நிறுத்திவிடுகிறார். முன்பெல்லாம் நிலவறையின் குளிரில் ஈஸ்ட் தானாகவே சோர்ந்து படுத்தது. இப்போது தொட்டியைக் குளிர்வித்து, வடிகட்டி, கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன். லிட்டருக்கு 8 கிராம் அமிலத்தைத் தாங்க எத்தனை கிராம் இனிப்பு வேண்டும் என்பதைக் கருவி சொல்லாது, சுவைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இனி கிளாசுக்கு வருவோம். சுவைப்பவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். இளம் ரீஸ்லிங்கில் பச்சை ஓடிய வெளிர் மஞ்சள், வயதேறினால் பொன்னிறம். பார்ப்பதில் ஆபத்தும் உண்டு. போர்தோவில் ஒயின் கல்வி பயின்ற 54 மாணவர்களிடம் ஒரே வெள்ளை ஒயினை இரண்டு கிளாஸ்களில், ஒன்றில் மட்டும் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சாயம் கலந்ததை முகர்ந்துவிட்டு, சிவப்பு ஒயினுக்கென்று வைத்திருக்கும் சொற்களால் அதை வர்ணித்தார்கள். 2001-இல் வெளியான இந்த ஆய்வைக் காட்டி, ஒயின் நிபுணர்கள் எல்லாரும் போலி என்று சிலர் சொல்வார்கள். அது அவசரத் தீர்ப்பு. மூக்கு தனித்து இயங்குவதில்லை, கண் சொன்னதைக் கேட்டுத்தான் முகர்கிறது என்பதே அந்த ஆய்வு காட்டியது. பயிற்சி இல்லாதவர்களுக்கும் அதே கதிதான்.

கிளாசைச் சுழற்றுவது வெறும் பாவனை அல்ல. ஒயின் கண்ணாடிச் சுவரில் மெல்லப் படர்ந்து, பரப்பு கூடி, மணம் தரும் பொருள்கள் ஆவியாகி கிளாசின் குறுகிய வாய்க்கருகே தேங்கும். அப்போது சுவரில் இறங்கும் துளிகளைச் சிலர் தரத்தின் அடையாளம் என்பார்கள். இல்லை. படலத்திலிருந்து மதுசாரம் முந்தி ஆவியாவதால் அங்கே பரப்பிழுவிசை கூடுகிறது. அது கீழே இருக்கும் திரவத்தை மேலே இழுக்கிறது. மேலே சேர்ந்தது கனம் தாங்காமல் துளியாக வடிகிறது. ஜேம்ஸ் தாம்சன் 1855-இலேயே இதை விளக்கிவிட்டார். 8 சதவீத ஒயினில் இந்தக் கண்ணீர் சொற்பமாகத்தான் வரும்.

ரீஸ்லிங்கின் மணம் சுவாரசியமானது. லினலூல், ஜெரானியோல் போன்ற டெர்பீன்கள் இதில் இருக்கின்றன. லினலூல்தான் கொத்தமல்லி விதையின் மணத்தில் பெரும்பங்கு. ஜெரானியோல் ரோஜாவில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். கடித்தவுடன் எழும் அந்தப் பன்னீர் வாசனையும் இதே குடும்பத்து மூலக்கூறுகளால் வருவதுதான். மஸ்கட் பழங்களில் அவை வாரி இறைத்திருக்கும், ரீஸ்லிங்கில் அடக்கம். அவற்றில் ஒரு பகுதி சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து, மணமற்றுக் கிடந்து, புட்டிக்குள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அவிழும்.

வயதேறிய ரீஸ்லிங்கில் இன்னொரு வாசனை வரும். முதல்முறை முகர்பவர் முகம் சுளிப்பார்: மண்ணெண்ணெய். மிகையாகச் சொல்லவில்லை, வாசனை கிட்டத்தட்ட அதுவேதான். வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சை கரோட்டினாய்டு நிறமிகளைச் சேர்க்கிறது. அவை உடைந்து, அமிலச் சூழலில் ஆண்டுகள் கடந்து டி.டி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருளாக மாறுகின்றன. லிட்டரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். பழத்தின் மேல் வெயில் அதிகம் பட்டால் இதுவும் அதிகம். மோசலின் பழைய ரசிகர்கள் இதற்காகவே புட்டிகளைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பூட்டி வைப்பார்கள். எனக்கு அளவோடு பிடிக்கும்.

‘ஸ்லேட் கல்லின் சுவை’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கல்லுக்குச் சுவையோ மணமோ கிடையாது. கொடியின் வேர் உறிஞ்சும் கனிமங்கள் ஒயினில் மிகச் சிறிய அளவில்தான் வந்துசேர்கின்றன. அவற்றை நாக்கு இனம் காணாது. வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகப் நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். ஸ்லேட் வெப்பம் தருகிறது, மழைநீரை வடிய விடுகிறது. அந்த வகையில்தான் அது ஒயினுக்குள் நுழைகிறது. ‘கல்’ என்று நாம் பெயரிடுவது, நெடியேறிய அமிலமும் கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து தரும் மயக்கமாக இருக்கலாம்.

வாயில் ஊற்றியதும் உறிஞ்சி உறிஞ்சிச் சத்தம் எழுப்புகிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாயைச் சப்பிப் பாருங்கள். வெறும் சர்க்கரைதான் தெரியும். பிடியை விட்டதும் ஏலக்காய் வந்துவிடும். காற்றை உள்ளிழுத்தால் அந்தப் பின்வாசல் போக்குவரத்து கூடும். விழுங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தொழில்முறையில் சுவைப்பவர்கள் ஒரு நாளில் பல டஜன் ஒயின்களை வாயிலிட்டுத் துப்பிவிடுவார்கள், அதற்கென்று மேசையில் ஒரு வாளியே இருக்கும். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த வரைபடத்தை இங்கே மறந்துவிடலாம். நாக்கின் எல்லாச் சுவைப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் அறியும். அந்த வரைபடத்தை நம்பி கிளாசின் வடிவத்துக்கு விலை வைப்பது தனி வியாபாரம்.

குளிர்ச்சி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். இனிப்புச் செய்தியை நரம்புக்குக் கடத்தும் டி.ஆர்.பி.எம்.5 என்ற வாய்க்கால் 15 டிகிரியில் சோம்பேறி, 35 டிகிரியில் சுறுசுறுப்பு என்று பெல்ஜியத்தின் லுவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். அதனால் 8 டிகிரியில் ஊற்றிய கபினெட்டில் இனிப்பு அடங்கியிருக்கும். பேச்சு சுவாரசியத்தில் மறந்து 20 டிகிரிக்கு விட்டால் அதே ஒயின் சர்பத்தாகிவிடும். ஐஸ்போலக் குளிரவைத்தாலோ மணமே எழாது. 8 முதல் 10 டிகிரி சரி.

உணவோடு சேர்ப்பதற்கு வருவோம். முதல் விதி அமிலத்தைப் பற்றியது. புளித்த உணவைத் தின்றபின் நாக்கின் புளிப்புணர்வு பழகி மழுங்கும். அடுத்து வரும் ஒயினில் புளிப்பு குறைவாகத் தெரியும். அமிலம் குறைந்த ஒயினானால் அது தண்ணீராய்ப் போகும். எனவே ஒயினின் புளிப்பு உணவின் புளிப்புக்குக் குறையக்கூடாது. வினிகர் ஊற்றிய சாலட், எலுமிச்சை பிழிந்த மீன், புளிக்குழம்பு ஆகியவற்றின் முன் பெரும்பாலான ஒயின்கள் தலைதொங்கும்போது ரீஸ்லிங் நிமிர்ந்து நிற்பதற்கு அந்த 8 கிராம்தான் காரணம்.

இரண்டாவது, காரம். மிளகாயின் காப்சைசின் சுவையல்ல, வலி. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை அறிவிக்க வேண்டிய டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியை அது திறந்துவிடுகிறது. 1997-இல் இதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இங்கே நமக்கு வேண்டிய செய்தி வேறொரு ஆய்வில் இருக்கிறது: மதுசாரமும் அதே ஏற்பியைத் தூண்டும். அந்த ஏற்பி திறக்கும் வெப்பநிலையை ஏறத்தாழ 42-இலிருந்து 34 டிகிரிக்கு இறக்கிவிடும் என்று 2002-இல் கண்டார்கள். அதாவது, உடலின் இயல்பான சூடே எரிச்சலாகத் தெரியத் தொடங்கும். பிராந்தி தொண்டையைச் சுடுவது இதனால்தான். மிளகாய் ஏற்கனவே திறந்துவைத்த கதவை 14 சதவீத ஒயின் இன்னும் அகலத் திறக்கும். 8 சதவீத ஒயின் அவ்வளவு படுத்தாது. கூடவே சர்க்கரையும் குளிர்ச்சியும் எரிச்சலை மட்டுப்படுத்தும். ஆனால் ஒரு நெளிவு உண்டு. ஹைட்ரஜன் அயனிகளும் இந்த ஏற்பியைத் தூண்டக்கூடியவை. ஆகவே காரத்துக்கு ரீஸ்லிங் பொருந்துவது அதன் புகழ்பெற்ற அமிலத்தால் அல்ல. அமிலம் இருந்தும் பொருந்துகிறது. இனிப்பே தெரியாத, சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்த ‘டிராக்கன்’ வகை ரீஸ்லிங்கைக் காரக் குழம்போடு வைத்தால் இது உடனே விளங்கும். மதுசாரம் 12-ஐத் தொட்டு, இனிப்பின் திண்டு இல்லாமல், வாய் எரியும். கடைக்காரர் ‘ஆசிய உணவுக்கு ரீஸ்லிங்’ என்று மொத்தமாகச் சொன்னால், எந்த ரீஸ்லிங் என்று கேளுங்கள்.

‘மீனுக்கு வெள்ளை’ என்ற பழைய விதிக்குக் காரணம் நிறமல்ல, இரும்பு. ஜப்பானிய ஒயின் நிறுவனமான மெர்சியனின் ஆய்வாளர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட சிவப்பு, வெள்ளை ஒயின்களை உலர்ந்த ஸ்காலப் சிப்பியோடு சுவைக்கக் கொடுத்தார்கள். இரும்பு எவ்வளவு கூடியதோ அவ்வளவு மீன் கவிச்சி வாயில் தங்கியது. மாதிரி ஒயினில் இரும்பைச் சேர்த்தாலும் அதேதான். 2009-இல் இது வெளியானது. சிவப்பு ஒயின்களில் இரும்பு பொதுவாகக் கூடுதல் என்பதால் பழைய விதி பெரும்பாலும் பலிக்கிறது. இரும்பு குறைந்த சிவப்பு மீனோடு ஒத்துப்போகும், இரும்பு கூடிய வெள்ளை ஒத்துப்போகாது.

மோசல் கரை உணவகங்களில் வெண்ணெயில் வறுத்த ட்ரவுட் மீனோடு கபினெட் வைப்பார்கள். ‘அமிலம் கொழுப்பை வெட்டும்’ என்ற விளக்கம் கூடவே வரும். லிட்டருக்கு 8 கிராம் அமிலம் எந்தக் கொழுப்பையும் கரைக்காது. புளிப்பு எச்சிலைச் சுரக்கவைக்கிறது, எச்சில் வாயைக் கழுவுகிறது. அவ்வளவுதான், ஆனால் போதுமானது.

இனிப்புப் பலகாரத்தில்தான் கபினெட் தோற்கும். பாகில் ஊறிய பண்டம் ஒரு துண்டு உள்ளே போனதும் நாக்கின் இனிப்புணர்வு மழுங்கி, ஒயினின் 45 கிராம் காணாமல்போய், பின்னால் ஒளிந்திருந்த புளிப்பு மொத்தமும் பல்லில் அறையும். பலகாரத்தைவிட ஒயின் இனிக்க வேண்டும். அதற்கு மோசலிலேயே ‘டிராக்கன்பீரன்அவுஸ்லேசே’ இருக்கிறது: நல்ல பூஞ்சை பிடித்து, கொடியிலேயே உலர்திராட்சையாகச் சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்வது. லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை. அந்தச் செறிவில் ஈஸ்ட் திணறுவதால் மதுசாரம் 6, 7 சதவீதத்தில் நின்றுவிடும். விலையைக் கேட்டால் பலகாரம் மறந்துபோகும். அதோடு இனிப்பு வைப்பதைவிட, உப்புக் கரிக்கும் நீலப் பூஞ்சைச் சீஸ் ஒரு சிறு துண்டு வைப்பதே நல்லது. உப்பு கசப்பை அடக்கும், இனிப்பை அடக்காது.